காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? கார் பேட்டரி சார்ஜர்: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்து ஊட்டிப் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அலுத்தவர்கள் இப்போது ஆளுக்கொரு சார்ஜர் வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால் இந்த இதழில் முழுக்க சார்ஜர் சமாசாரம்தான். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லாருக்குமே ஊர்ப் பெயர் மட்டும்.

சார், ஆன்லைனில் சார்ஜர் வாங்கினேன். சிவப்பு கிளிப், கறுப்பு கிளிப், ஒரு பிளக். கூட வந்த தாளில் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. எதை முதலில் மாட்டணும்? பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றணுமா? என் மாமனார், ரெண்டு கிளிப்பையும் பேட்டரி மேலேயே கடிக்க விட்டு சுவிட்சைப் போடு, அதுக்கு ஒரு பாடமா என்கிறார்.
— தலைக்குந்தா வாசகர்

மாமனார் சொல்கிற மாதிரி மாட்டினாலும் சார்ஜ் ஏறும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் தீப்பொறியில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது, அதிலும் முக்கால்வாசி ஏறிய பிறகு, உள்ளே இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கரன்ட் ஓடும்போது கிளிப்பை மாட்டினாலும் எடுத்தாலும் ஒரு சின்னப் பொறி பறக்கும், அந்தப் பொறி பேட்டரி மூடிக்கு மேலேயே பறந்தால் பெட்டி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். அதற்காகத்தான் வரிசை.

சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு, ரேடியோ, ஹீட்டர் விசிறி எல்லாம் ஆஃப். சார்ஜரின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. முதலில் சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். எது பிளஸ் என்று குழப்பம் வந்தால் பெட்டி மேல் குறி இருக்கும், பிளஸ் கம்பம் மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் இருக்கும். கறுப்பு கிளிப் பேட்டரிக்குப் போக வேண்டாம். ஒரு முழம் தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பிலோ பாடி எர்த் போல்ட்டிலோ கடிக்க விடுங்கள். பெட்ரோல் குழாய் பக்கமும் பெல்ட் பக்கமும் கூடாது. அதற்கப்புறம் பிளக், கடைசியாக சுவிட்ச். முடிந்ததும் வந்த வழியே திரும்புங்கள்: சுவிட்ச், பிளக், கறுப்பு, சிவப்பு. பானட் திறந்தே இருக்கட்டும். கையில் மோதிரம், வளையல், ஸ்டீல் வாட்ச் இருந்தால் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள். ஸ்பானர் ஒரு முனை பிளஸ்ஸிலும் மறுமுனை பாடியிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், இடையில் மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலோடு பழுத்துவிடும்.

கழற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு: நீங்கள் வாங்கியது தானாகவே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் புது மாதிரி சார்ஜர் என்றால் வேண்டாம், வண்டியிலேயே இருக்கட்டும். உள்ளே கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து, முகப்பில் முள் ஆடும் மீட்டரோடு வரும் பழைய மாதிரி என்றால், அது பேட்டரி நிரம்பியதும் நிற்காது, வோல்டேஜ் 15, 16 என்று ஏறிக்கொண்டே போகும், வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. அந்த மாதிரிக்கு பேட்டரியிலிருந்து வண்டியின் மைனஸ் வயரை முதலில், பிளஸ் வயரை அடுத்து கழற்றிவிட்டு, பெட்டியை வெளியே எடுத்து வைத்து சார்ஜ் போடுவது நல்லது. தனியாக வெளியே இருக்கும் பேட்டரிக்கு ரெண்டு கிளிப்பும் கம்பத்தில்தான் போகும், வேறு வழியில்லை. அங்கே பிளக் கடைசி என்பது இன்னும் முக்கியம். திரும்ப வண்டியில் வைக்கும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

ஆம்பியர் கணக்கும் கேட்பீர்கள். பேட்டரி மேல் 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், எவ்வளவு கரன்ட் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை நாலு ஆம்பியர் போதும். பாதி இறங்கிய பேட்டரிக்கு நாலு ஆம்பியரில் அஞ்சாறு மணி நேரம், கடைசிக் கொஞ்சம் ஏறுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும், மொத்தத்தில் ஒரு ராத்திரி. அவசரப்பட்டு 10 ஆம்பியரில் வைத்தால் தகடு சூடாகும், வாயு அதிகம் வரும், ஆயுள் குறையும்.

நாங்கள் இருப்பது காந்தலில் ஒரே சுவர் வைத்த வரிசை வீடு. வண்டி ரோட்டோரம் நிற்கிறது, அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, கரி அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்து சார்ஜ் போடலாமா? குளிரில் சார்ஜ் ஏறாது என்று சொல்கிறார்களே?
— ஊட்டி வாசகி

அம்மா, கூடவே கூடாது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பனிக்குப் பயந்து சந்துபொந்தில் துணி அடைத்து, உள்ளே கனன்று கொண்டிருக்கும் கரி, அதற்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் விடும் ஒரு பெட்டி. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பேட்டரியே இல்லாவிட்டாலும் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கு உலை வைப்பதுதான். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதையும் இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள்.

பேட்டரியை வாசல் திண்ணை, பின்கட்டு, கூரை உள்ள சாய்ப்பு, இப்படிக் காற்றோட்டமும் மழை படாத மறைவும் உள்ள இடத்தில் வையுங்கள். சமையலறை வேண்டாம், சாமி விளக்கு எரியும் இடம் வேண்டாம், பீடி சிகரெட்டோடு யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். பலகை மேல் வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல். சார்ஜரை பேட்டரிக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள், ஆசிட் ஆவி மேலே ஏறி அதைத் தின்றுவிடும். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள்.

குளிரில் சார்ஜ் ஏறாது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் 14.4 வோல்ட் கொடுத்தால் நிரம்பும் பேட்டரிக்கு, 5 டிகிரியில் கிட்டத்தட்ட 14.8 வேண்டியிருக்கும். சில சார்ஜரில் பனித்துளி மாதிரி ஒரு படம் போட்ட பொத்தான் இருக்கும், அது இதற்குத்தான். உங்களிடம் அது இல்லாவிட்டால், ராத்திரி போடுவதை விட்டுவிட்டு வெயில் அடிக்கிற பகலில் போடுங்கள். ஊட்டியில் ஜனவரிப் பகல் வெயில் சுள்ளென்றுதான் இருக்கும், அதைவிட நல்ல கதகதப்பு தேவையில்லை.

பேட்டரி உறைந்துவிடுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நிறைய சார்ஜ் உள்ள பேட்டரி ஊட்டிக் குளிரில் உறையவே உறையாது. முழுக்க வற்றிப்போனதற்குக்கூட உறைய மைனஸ் ஏழெட்டு டிகிரி வேண்டும். நம் ஊரில் புல்வெளியில் பூஜ்ஜியத்தைத் தொட்டாலே மறுநாள் பேப்பரில் போட்டோ வந்துவிடுகிறது.

கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிஷம். வண்டி வேறெங்கும் போவதில்லை. ரெண்டு வருஷத்துக்குள் பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். சார்ஜர் வாங்கினால் தப்பிக்கலாமா, அல்லது நிஜமாகவே போய்விட்டதா?
— கோத்தகிரி வாசகி

டீச்சர், உங்கள் கடிதம் இந்த மலையில் பாதிப் பேருடைய கதை. பேட்டரி மட்டம் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள், ஆனால் அது ஒரு நாள்கூட முழு வயிறு சாப்பிட்டதில்லை என்பதை யாரும் பார்ப்பதில்லை. செல்ஃப் ஒரு தடவை அடித்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே, இன்ஜினோடு சுற்றி கரன்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டருக்குக் கொஞ்ச தூரம் வண்டி ஓடணும். உங்கள் பத்து நிமிஷத்தில் மூடுபனி என்று ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், உள் விசிறி எல்லாம் ஓடுகின்றன. ஹெட்லைட் மட்டும் ரெண்டுமாகச் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியர். போகும்போது இறக்கம் என்றால் இன்ஜின் சுற்றும் வேகமும் குறைவு. வரவு எட்டணா, செலவு பத்தணா. அப்படியே அரைகுறையாகக் கிடந்தால் தகட்டில் ஈயச் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் சார்ஜரே போட்டாலும் திரும்பாது.

அதனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். நல்ல சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்கப் போடுங்கள். எடுத்ததும் அளக்காதீர்கள், அப்போது எந்தப் பேட்டரியும் 13 காட்டிப் பெருமை பேசும். வண்டியைத் தொடாமல் ஒரு ராத்திரி விட்டு, காலையில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12-ஐத் தொட்டால் கால்வாசிதான். முழு ராத்திரி சார்ஜ் போட்ட பிறகும் மறுநாள் 12.2-க்கு இறங்கிவிட்டால் கடைக்காரர் சொல்வது சரி. 12.6-ல் நின்றால், பள்ளிக்கூடத்தில் யாரையாவது பிடித்து சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்கும் அந்த ரெண்டு நொடியில் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம்தான். நல்ல குளிர் காலையில் கொஞ்சம் கீழே போனால் மன்னிக்கலாம். அதற்கு மேலேயே நின்றும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் மோட்டாரையும் வயரையும் பாருங்கள், பேட்டரியைத் திட்ட வேண்டாம்.

டெர்மினலை, அதாவது வயர் மாட்டும் கம்பத்தைப் பார்த்தீர்களா? கோத்தகிரி ஈரத்தில் அதில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்து நிற்கும். வயரைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும், பேட்டரி மூடிக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இதைச் செய்ததும் வண்டி எழுந்து ஓடிய வீடுகள் நிறைய.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். சார்ஜருக்கு முன்னால் அதை வாங்குங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். அளக்கத் தெரியாமல் சார்ஜ் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவதுதான்.

உங்கள் வழிக்கு இனிமேல்: மாசத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி சார்ஜர் போடுங்கள். பேட்டரி உங்களோடு சண்டை போடாது.

ஊரிலிருந்து மூணு மாசம் கழித்து வந்தேன். பேட்டரியில் 3 வோல்ட்தான் காட்டுகிறது. புது சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சார்ஜர் பழுதா? கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.
— குன்னூர் வாசகர், ஓய்வுபெற்றவர்

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கும் சார். தானாக வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் இந்தப் புது ரகம் முதலில் எதிரில் ஒரு பேட்டரி இருக்கிறதா, சரியான பக்கம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரன்ட் விடும். வோல்டேஜ் ரொம்பக் கீழே இருந்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எந்த அளவுக்குக் கீழே என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். முதலில் கிளிப் சரியாகக் கடித்திருக்கிறதா, சிவப்பு கறுப்பு மாறிவிட்டதா, சார்ஜர் வயரில் உள்ள ஃப்யூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக உள்ள இன்னொரு கார் பேட்டரியில் மாட்டிப் பாருங்கள், அங்கே வேலை செய்தால் சார்ஜர் மேல் குற்றமில்லை.

பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு இந்தக் கேள்வியெல்லாம் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும். பேட்டரிக் கடையில் அதில் குறைந்த ஆம்பியரில் ஒரு மணி நேரம் போட்டு 11-ஐத் தாண்ட வைத்துவிட்டு உங்கள் சார்ஜருக்கு மாறலாம். வீட்டிலேயே செய்வதென்றால் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஜம்பர் வயரால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று இதோடு சேர்த்து, சார்ஜரை அந்த ஜோடியின் மேல் ஓட விட்டால், பத்து இருபது நிமிஷத்தில் செத்தது கொஞ்சம் எழுந்திருக்கும். அப்புறம் சுவிட்சை அணைத்து நல்லதைக் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே நிற்காதீர்கள். பெட்டி உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ இந்த வேலையே வேண்டாம்.

மனசில் பட்டதைச் சொல்கிறேன். மாசக்கணக்கில் 3 வோல்ட்டில் கிடந்த பேட்டரி எழுந்து உட்காரும், நடக்காது. நாலு வருஷத்துக்கு மேல் ஆனது என்றால் அதற்கு மெனக்கெட வேண்டாம். பழையதைக் கடையிலேயே கொடுங்கள், புதிய விலையில் கழிப்பார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை கம்பெனிகள் மேல்தான் வைக்கின்றன. ஓடைக்கரையில் போட்டால் ஈயம் நம் தண்ணீரிலேயே வந்து சேரும்.

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? எங்க ஹட்டியில், அதாவது ஊரில், பழைய டீசல் பிக்கப்பை மேட்டில் நிறுத்துவோம், காலையில் இறக்கத்தில் உருட்டி ரெண்டாவது கியரில் விட்டால் ஸ்டார்ட். சார்ஜரும் வேண்டாம், கரன்ட் பில்லும் வேண்டாம்.
— மஞ்சூர் பக்கத்து விவசாயி

உங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு நடக்கும் அண்ணா. கொழுந்து ஏற்றும் வண்டியும் கேரட் ஏற்றும் வண்டியும் இப்படித்தான் காலங்காலமாக ஓடுகின்றன. இதைப் படித்துவிட்டு உங்கள் மகன் புதுக் காரை உருட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ரெண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகும். பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். சாவியை ஆன் செய்யாமல் உருட்டினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் முதல் வளைவிலேயே இது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பெட்ரோல் பம்பும் இன்ஜெக்ஷனும் கம்ப்யூட்டரால் ஓடுகிற வண்டியில் பேட்டரி முழுக்க வற்றியிருந்தால் எவ்வளவு தூரம் உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இந்தப் பேச்சே இல்லை. உருட்டி ஸ்டார்ட் ஆன வண்டியிலும் ஆல்டர்னேட்டர்தான் வற்றிய பேட்டரியை நிரப்பப் படாத பாடு படும்; சூடேறி அதுவும் ஒரு நாள் போனால், மிச்சம் பிடித்த கரன்ட் பில்லைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் 150 ஏ.எச். இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு கார் பேட்டரியை மாட்டினால் தானாக சார்ஜ் ஆகிவிடாதா? சார்ஜர் எதற்கு?
— கூடலூர் வாசகர்

ஆகும், ஆனால் பெரிய பேட்டரிக்கு என்று வைத்த 10, 15 ஆம்பியர் உங்கள் 35 ஏ.எச். மேல் பாயும். ஒருநாள் அவசரத்துக்குப் பக்கத்திலேயே இருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டு செய்பவர்கள் உண்டு. நடுவில் கரன்ட் போனால் இன்வெர்ட்டர் வீட்டு விளக்கையும் டிவியையும் அதே கார் பேட்டரியிலிருந்து ஓட்டும், அதுவரை ஏறிய சார்ஜும் போய்விடும். கூடலூரில் ஜூன் ஜூலை மழையில் கரன்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். வேண்டாம்.

சார்ஜ் போட்டு எட்டு மணி நேரம் ஆகியும் மீட்டர் முள் இறங்கவே இல்லை. பெட்டி தொட முடியாத சூடு. அழுகிய முட்டை நாற்றம். இன்னும் எவ்வளவு நேரம் விடணும்?
— கேத்தி வாசகர்

ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சுவரில் சுவிட்சை அணையுங்கள், கிளிப்பில் கை வைக்காதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு விலகிப் போங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷ வாயு. பெட்டி ஆறிய பிறகுதான் கிளிப்பை எடுக்கணும்.

நல்ல பேட்டரியில் ஆரம்பத்தில் நாலு ஆம்பியர் என்று நின்ற முள் சார்ஜ் ஏற ஏறச் சரிந்து ஒன்றுக்கும் கீழே வரும். இறங்காமல் அடம்பிடித்தால் உள்ளே ஒரு அறை ஷார்ட் ஆகியிருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறை, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஒன்று போனால் மிச்சம் 10.5. ஆறிய பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள், பத்தரையில் நின்றால் கதை முடிந்தது, எந்த சார்ஜரும் அதைத் திருப்பாது. மூடி திறக்கிற பேட்டரி என்றால் கடையில் ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். அஞ்சு அறையில் கிராவிட்டி 1250 காட்டி ஒன்றில் மட்டும் 1100 என்று படுத்திருக்கும்.

இதற்கு நேர் எதிராக, முள் ஆரம்பத்திலிருந்தே பூஜ்ஜியத்தில் கிடக்கிறது என்று லவ்டேலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஃப்யூஸ், துருப்பிடித்த கிளிப், அல்லது சல்ஃபேட் படிந்து கரன்டையே உள்ளே விடாத பேட்டரி, இந்த மூன்றில் ஒன்று. கிளிப்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

எங்கள் ஊரில் சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் 180-க்கு வந்துவிடும். சார்ஜர் சத்தம் மட்டும் போடுகிறது. வண்டி நிற்கும் இடத்துக்கு ரெண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்கிறேன், பரவாயில்லையா?
— குந்தா வாசகர்

1932-லேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து கரன்ட் எடுத்த மலை இது. உங்கள் குந்தாவில் அதற்கப்புறம் வரிசையாகப் பவர் ஹவுஸ் கட்டினார்கள். அந்த ஊர் வீட்டுக்கு 180 வோல்ட் என்றால் சிரிக்கவா அழவா. சரி, விஷயத்துக்கு வருவோம். ட்ரான்ஸ்ஃபார்மர் சார்ஜரில் உள்ளே குறைந்தால் வெளியேயும் அதே விகிதத்தில் குறையும். 230 வந்தால் 15 வோல்ட் கொடுப்பது, 180 வந்தால் 12-க்கும் கீழே கொடுக்கும். 12 வோல்ட்டில் 12 வோல்ட் பேட்டரிக்குச் சொட்டு ஏறாது, நீங்கள் கேட்பது வெறும் உறுமல். ஊர் தூங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல் போடுங்கள். புது மாதிரி சார்ஜர் குறைந்த வோல்டேஜையும் சமாளிக்கும், எதுவரை என்று பின்னால் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

ரெண்டு பாக்ஸ் வேண்டாம். நீளமாக ஒரே வயர், மூணு பின், உள்ளே பச்சை எர்த் வயர் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணைப்பு புல்லில் கிடக்கக் கூடாது, பனி இறங்கினால் மழையில் நனைந்ததற்குச் சமம். ஷாக் அடித்தால் தானே விழும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கர் வீட்டுப் போர்டில் இல்லாவிட்டால் இந்தச் சாக்கில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள்.

சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் கார். பழைய சார்ஜரை இதற்குப் போடலாமா?
— வெலிங்டன் வாசகர்

பேட்டரி மேல் ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி நார் விரிப்பில் ஊற வைத்து மூடிய ரகம்) என்றோ இ.எஃப்.பி. (சாதா பேட்டரியையே பலப்படுத்திய ரகம்) என்றோ எழுதியிருக்கும். ஏ.ஜி.எம். என்றால் அதற்கென்று தனி மோட் உள்ள சார்ஜர்தான். பழைய சார்ஜரும் வேண்டாம், புதுசில் வோல்டேஜை ஏற்றிப் பழைய பேட்டரிக்கு உயிர் கொடுக்க வைத்திருக்கும் ரீகண்டிஷன் பொத்தானும் வேண்டாம், 15 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே காய்ந்துவிடும், மேலே தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. மைனஸ் கம்பத்தில் ஒரு சின்ன சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும். கறுப்பு கிளிப்பை அதற்கு முன்னால் கம்பத்தில் மாட்டினால் உள்ளே எவ்வளவு ஏறியது என்று வண்டிக்குத் தெரியாமல் போகும். பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காவிட்டால் மினரல் வாட்டர் ஊற்றலாமா? சார்ஜுக்கு முன்னாலா பின்னாலா?
— கொடைக்கானல் வாசகர்

பழனி மலையிலிருந்தும் கடிதம், சந்தோஷம். மினரல் வாட்டரில் மினரல் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. சுனைத் தண்ணீரும் வேண்டாம், எவ்வளவு தித்தித்தாலும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. பெட்ரோல் பங்கில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முன்னால் ஊற்றுங்கள், மீதியை சார்ஜ் முடிந்த பிறகு. முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும். மூடியில் இருக்கும் சின்னத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வாயு போக அதுதான் வழி.

ஆசிட் கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. கண்ணுக்கு சோடா கரைசல் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர்தான். தரையில் சிந்தினால் சோடா தூவலாம்.

டாக்ஸி ஓட்டுகிறேன். ராத்திரி சார்ஜ் போட்டுக் காலையில் 12.7 இருக்கிறது. சீசன் இல்லாத மாசத்தில் நாலு நாள் நிறுத்தினால் டவுன். லாரி ஷெட்டில் உள்ள 24 வோல்ட் சார்ஜரில் போட்டால் அழுத்தமாக ஏறுமா?
— ஊட்டி வாசகர்

தம்பி, 24-ல் போட்டால் அழுத்தமாக வெடிக்கும். அந்த சார்ஜரில் 12/24 என்று சுவிட்ச் இருந்தால் 12-ல் இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

உங்கள் பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியில் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. டாக்ஸி என்றால் ஜி.பி.எஸ். பெட்டி, கேமரா, கூட ஒரு பாட்டுப் பெட்டி என்று வெளியே வயர் இழுத்து மாட்டியிருப்பீர்கள். எல்லாம் ஆஃப் செய்து, பூட்டி, அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கழற்றிய மைனஸ் வயருக்கும் கம்பத்துக்கும் நடுவில் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லிஆம்பியர் வரை சகஜம், அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். தின்னும், மூணு வாரம் நிறுத்தினால் எந்த வண்டியும் படுக்கும். உங்களுக்கு நாலு நாளில் என்றால் 200, 300 காட்டும். ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள், எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அங்கே கள்ளன் இருக்கிறான். முதலில் ஜி.பி.எஸ். பெட்டியின் ஃப்யூஸிலிருந்து ஆரம்பியுங்கள்.